ஒரு சாக்கு முசுறு

காடாம்புலியூரிலிருந்து எங்கள் வீடு தேடி நெய்வேலிக்கு வருகிறவர்கள் கை நிறையக் கொண்டுவந்து வெறுங்கையோடு திரும்புவார்கள். பலாப்பழத்தைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு வருவார்கள். உடைத்த முந்திரியை மஞ்சள் பையில் முடிந்துகொண்டு வருவார்கள். கிழங்கோ கொடுக்காப்புளியோ ஏதோ ஒன்று வாசற்படியில் வந்து இறங்கும். என் சின்ன மாமா ஒருவர்தான் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்து, எங்கள் வீட்டிலிருந்து ஒரு சாக்கு நிறைய எறும்பைக் கட்டிக்கொண்டு போனவர். கூடவே நானும் போனேன். சாக்கின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. உள்ளே ஆயிரம் ஆயிரம் கால்கள் நடந்துகொண்டிருந்தன. காதை வைத்துக் கேட்டால் தூரத்தில் மழை வருகிற மாதிரி இருந்தது. அந்த மழையைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்ற பெண் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. தானே புயல் வந்து போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. எங்களுக்கு நகரியத்தில் ஒரு குவாட்டர்ஸ், பின்பக்கம் தோட்டம். எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்த யாரோ நட்டுவிட்டுப் போன ஒரு மாமரமும் ஒரு முந்திரி மரமும் கிளையோடு கிளை பின்னிக்கொண்டு அங்கே நின்றன. இரண்டிலும் முசுறு. பச்சை இலைகளை வரிசையாக நின்று இழுத்து வளைத்து, தம் குஞ்சுப் புழுக்களின் வாயிலிருந்து வருகிற நூலால் தைத்து, பந்து பந்தாக வீடு கட்டிக்கொள்ளும் செம்பழுப்பு எறும்பு. கடித்த இடத்தில் புளித்த நீரையும் பீய்ச்சிவிட்டுப் போகும். அம்மா துணி உலர்த்தும் கொடிக்கயிறு முந்திரிக் கிளையிலிருந்து சமையலறைச் சன்னல் கம்பிக்குப் போகும். அந்தக் கயிறு அவற்றுக்கு ராஜபாட்டை. நடந்து வந்து அப்பாவின் யூனிஃபார்முக்குள் புகுந்துகொள்ளும். முதல் ஷிப்டுக்குப் போகிற பஸ்ஸில் அப்பா சட்டையைக் கழற்றி உதறிய கதை எங்கள் பிளாக்கில் எல்லோருக்கும் தெரியும்.

காடாம்புலியூரில் அம்மாவின் பிறந்த வீட்டுக்கு ஒரு முந்திரித் தோப்பு இருந்தது. புயலில் பாதி மரங்கள் வேரோடு சாய்ந்துவிட்டன. மீதி நின்றது, கை முறிந்து கால் முறிந்து. முறிந்த இடத்திலிருந்தெல்லாம் பிறகு துளிர் வந்தது. வருகிற துளிரெல்லாம் கருகியது. யாரோ இரவோடிரவாகத் தீப்பந்தத்தால் ஒவ்வொரு நுனியாகத் தொட்டுவிட்டுப் போன மாதிரி. துளிர் தப்பினால் பூங்கொத்து கருகும், பூங்கொத்து தப்பினால் பிஞ்சு கருகும். தீயும் இல்லை, பந்தமும் இல்லை. மெலிந்த உடம்பும் நீளக் கால்களுமாக ஒரு பூச்சி. பார்வைக்குக் கொசுவின் சாயல். ஊரில் கொசு என்றே சொன்னார்கள். இந்தக் கொசு மனிதரைத் திரும்பிக்கூடப் பார்க்காது, முந்திரித் துளிரின் சாறு ஒன்றே போதும் அதற்கு. மருந்து அடித்தால் போகும். கொஞ்ச நாளில் பக்கத்துத் தோப்பிலிருந்து உறவுமுறைகளையும் கூட்டிக்கொண்டு வரும்.

பெரிய மாமா முடிவு செய்துவிட்டிருந்தார். இந்தத் தையிலும் பூ கருகினால் தோப்பை வெட்டிவிட்டுத் தைலமரம் வைப்பது என்று. மரத் தரகரிடம் பேச்சை முடித்துவிட்டு, தோப்புப் பக்கம் எட்டிப் பார்ப்பதையும் விட்டிருந்தார். பெரிய மாமா பேசிவிட்டால் பேசியதுதான். அம்மாகூட அவர் எதிரே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சின்ன மாமா அப்படி இல்லை. சிரிக்கிறவர், பொய் சொல்கிறவர், என்னைத் தூக்கிக் கிளையில் உட்காரவைத்துவிட்டு ஓடிப்போகிறவர். பல வருடம் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டு, விழுந்த மரங்களை அறுத்துப்போட ஒத்தாசைக்கு என்று புயலுக்குப் பிறகு வந்தவர். நின்ற மரங்களை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை என்று அப்படியே தங்கிவிட்டார். தோப்பு போனால் அவர் மறுபடி திருப்பூர் பஸ் ஏற வேண்டியதுதான். எனக்குத் தோப்பைப் பற்றி என்ன தெரியும், தைலமரத்தைப் பற்றி என்ன தெரியும். மாமா போய்விடுவார் என்பது தெரியும். அது போதுமாக இருந்தது.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமா வந்தார். அம்மாவிடம் தோப்புக் கதையைச் சொல்லிவிட்டு, பீடி பிடிக்கத் தோட்டத்துப் பக்கம் ஒதுங்கினார். அக்காவுக்குத் தெரியாமல் என்று அவர் நினைப்பு. கொஞ்ச நேரத்தில் லுங்கிக்குள் முசுறு ஏறிவிட்டது. அங்கிருந்து கேட்ட சத்தத்துக்கு அம்மா அடுப்படியிலேயே சிரித்தாள். பிறகு சத்தம் நின்றுவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, எரிகிற பீடியை மறந்து, ஒரு முந்திரிக் கிளையை முகத்துக்கு நேரே வளைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இதுக்கு என்னா மருந்து அடிக்கிற?"

"மருந்தா? கழுநீர் ஊத்துறேன்."

"ஒரு துளிருகூடக் கருகலயே."

சொல்லிவிட்டு மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். மாமரத்தோடு பின்னிக்கொண்ட பக்கமெல்லாம் துளிர் செம்பு நிறத்தில் வழவழவென்று இருந்தது. ஒரே ஒரு கிளை, காம்பவுண்டுச் சுவர்ப் பக்கம் நீண்டது, அது மட்டும் நுனி நுனியாகக் கருகியிருந்தது. அந்தக் கிளைக்குக் கீழேதான் அப்பா பைக்கை நிறுத்துவார். வண்டியில் எறும்பு இறங்காதிருக்க, கிளையின் அடியில் மண்ணெண்ணெய் நனைத்த துணியைச் சுற்றி, காயக் காய மறுபடி நனைத்துக்கொண்டிருப்பார். முசுறு துணிவரை வரும், மீசையை ஆட்டிப் பார்க்கும், திரும்பிப் போய்விடும். ஒரே மரம், ஒரே வேர், ஒரே கழுநீர். துணிக்கு இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் கரி.

மாமா என் தோளைப் பிடித்து இழுத்துக் காட்டினார். ஒரு துளிரின் மேல் அந்தக் கொசுப்பூச்சி வந்து இறங்கியது. இறங்கியதும் ஒரு முசுறு அதன் காலைக் கவ்வியது. அது பறக்கப் பார்த்தது. அதற்குள் இன்னொன்று இன்னொரு காலை. எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் ஏழெட்டு வந்து, ஆளுக்கொரு காலையும் ஆளுக்கொரு இறக்கையையும் பற்றி, துணி பிழிகிறவர்கள் போல நாலு பக்கமும் இழுத்து நின்றன. அவசரமே இல்லை. இழுத்துப் பிடித்தபடியே நின்றன. பூச்சி அசையாமல் போனதும் தூக்கிக்கொண்டு பந்துக்குள் போய்விட்டன. துளிர் காற்றில் ஒரு ஆட்டம் ஆடியது. மாமாவைப் பார்த்தேன். பீடி விரலைச் சுட்டபோதுதான் கீழே போட்டார்.

ஷிப்ட் முடிந்து வந்த அப்பா எல்லாவற்றையும் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "ஏன் மாப்ள, தோப்புக்கு வாட்ச் அண்ட் வார்டு போடப்போற. நல்லதுதான். இதுங்க பர்மனெண்ட்டா, கான்ட்ராக்ட்டா?" என்றார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இலைக்குப் பக்கத்தில் தண்ணீரை வைத்துவிட்டு, இந்த எறும்பு வேண்டாம், அண்ணன் ஒத்துக்காது என்றாள். அண்ணனிடம் யார் சொல்லப்போகிறார்கள் என்றார் மாமா. பெரிய மாமாவுக்குப் புதியது எதுவும் பிடிக்காது, அம்மாவுக்கு அவரிடம் பயம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அரையாண்டு விடுமுறை வந்தது. மாமாவும் நானும் தெருவையே வேட்டையாடினோம். எங்கள் மாமரத்தில் கைக்கு எட்டிய கூடுகள் போதாது என்று எதிர் வீட்டு மாமரம், கடைசி வீட்டு நாவல் மரம், பால் பூத்துக்குப் பக்கத்துப் பலா. மதுரைக்காரர் வீடு, கோயமுத்தூர்க்காரர் வீடு, பெயர் தெரியாத ஆபீசர் வீடு. கேட்டைத் தட்டி, எறும்புக் கூடு இருந்தால் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்போம். முதலில் எங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பிறகு ஏணி எடுத்துக் கொடுப்பார்கள். கைகாலெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு, தொரட்டியால் கூட்டைக் காம்போடு அறுத்து யூரியாச் சாக்குக்குள் விடுவோம். ஒரு வீட்டில் காபிகூடக் கொடுத்தார்கள். தொல்லை தொலைந்ததே என்ற சந்தோஷம் அவர்களுக்கு. எங்களுக்கோ ஒவ்வொரு கூடும் ஒரு சிப்பாய்க் கூட்டம்.

பண்ருட்டி போகிற பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் மூட்டையைக் காலால் தொட்டு என்ன என்று கேட்டார். விசேஷத்துக்கு மாவிலை என்றார் மாமா. அது முழுப் பொய்யும் இல்லை, எல்லாம் இலைதான். நகரியத்து ஆர்ச் கேட் தாண்டும்வரை எல்லாம் நல்லபடியாக இருந்தது. அப்புறம் முன்சீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பிடரியில் ஒரு அடி அடித்துக்கொண்டார். பக்கத்தில் பூக்கூடை வைத்திருந்த அம்மாள் எழுந்து புடவையை உதறினாள். சாக்கின் மூலையில் தையல் விட்டிருந்தது. வாயை மட்டும்தானே நான் பிடித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸின் நடுக்கம்பியில் முசுறு வரிசை கட்டி ஏறிக்கொண்டிருந்தது, டிக்கெட் வாங்கிய நிதானத்தோடு.

"யோவ், ஒன் மாவிலைக்குக் காலு மொளச்சி நடந்துகினு கீது. எறங்குய்யா," என்றார் கண்டக்டர்.

இறங்கினோம். பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது, உள்ளே யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருக்க. மாமா சட்டையைக் கழற்றி மூலையில் அடைத்தார். வெயிலில் ஒரு ஆள் பனியனோடும் ஒரு பெண் பிள்ளை சாம்பல் முகத்தோடும் சாக்கைத் தோளில் மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு காடாம்புலியூர்வரை நடந்தோம். எனக்குக் கழுத்தில் கடி, காதில் கடி. ஒரு கடிக்கும் நான் அழவில்லை. அப்படி ஒரு பெருமிதம். சண்டைக்குப் போகிற சேனைக்கு முன்னால் நடப்பவள் எறும்புக் கடிக்கு அழுவாளா.

சாயந்திரம் கூடுகளைக் கிளைகளின் கவட்டையில் கட்டினோம். மரத்துக்கு இரண்டு மூன்று என்று, எது யார் வீட்டுக் கூடு என்று பாராமல் கட்டினோம். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. விடிந்ததும் ஓடினேன்.

மரத்தடி சிவந்து கிடந்தது. முதலில் எனக்குப் புரியவில்லை. காய்ந்த பூ உதிர்ந்திருக்கிறது என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் எறும்புகள். இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாக, ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்வியபடி. செத்த பிறகும் பிடியை விடவில்லை. மேலே கிளை முழுக்க அதே சண்டை. எங்கள் மாமரத்தாரும் எதிர்வீட்டு மாமரத்தாரும், பலா மரத்தாரும் நாவல் மரத்தாரும். பூச்சியை இழுத்தது போலவே ஒன்றையொன்று நாலு பக்கமும் இழுத்துக்கொண்டு நின்றன. நான் ஒரு குச்சியை எடுத்துப் பிரித்துவிடப் பார்த்தேன். பிரித்தவை குச்சியின் மேல் ஏறி அங்கேயும் தொடர்ந்தன. மாமா வந்தார், பார்த்தார், மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்கார்ந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"ஒரே தெரு எறும்புதானே பாப்பா," என்றார்.

நகரியத்தில் வளர்ந்த எனக்கும் அதுதான் தோன்றியது. எங்கள் தெருவில் எந்தெந்த மாவட்டத்துக்காரர்களோ ஒரே வாட்டர் டேங்க்கில் தண்ணீர் பிடித்தார்கள், ஒரே கிரவுண்டில் பந்து ஆடினார்கள். மரத்துக்கு மரம் வேறு நாடு என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்குத் திரும்பி நான் விக்கி விக்கி இதைச் சொன்னபோது, அம்மா அரிவாள்மனையிலிருந்து தலை தூக்காமல், நாலு வூட்டுப் பொம்பளைங்கள ஒரே அடுப்படியில வுட்டா என்னாவும் என்றாள். மாமா அம்மாவை அப்படியே பார்த்தார். வேண்டாம் என்று சொன்ன அம்மாவின் வாயிலிருந்துதான் அது வந்தது. ஒரே மரம். ஒரே குடும்பம். மற்றதெல்லாம் வீண்.

அடுத்த தடவை அப்பாவே இறங்கினார். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர், தூங்கப் போகாமல், குளிர் விலகாத காலையில் எறும்பு மந்தமாக இருக்கும்போதே எங்கள் மாமரத்திலும், அதோடு பின்னிக்கொண்ட முந்திரியிலும் ஏறினார். உச்சிக் கூடு முதல் கீழ்க் கூடுவரை ஒன்று விடாமல் எடுத்தார். ராணி எந்தக் கூட்டில் என்று யாருக்கும் தெரியாததால் எல்லாமே வேண்டியிருந்தது. பஸ் வேண்டாம் என்று பைக்கிலேயே போனோம். அப்பா ஓட்ட, மாமா நடுவில் சாக்கோடு உட்கார, நான் கடைசியில். இந்த முறை சாக்குக்குள் சாக்கு.

தோப்பின் மேற்குப் பக்கத்து மரங்கள் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். மரத்துக்கு மரம் நைலான் கயிறு கட்டினோம், எங்கள் வீட்டுக் கொடிக்கயிறு போலவே. புது இடத்தில் பட்டினி கிடக்கக் கூடாது என்று கயிற்றில் மாமா கருவாடு தொங்கவிட்டார். மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்கள் நின்று பார்த்தார்கள். முந்திரிக்கு மருந்து அடிக்கிறவனைப் பார்த்திருக்கிறோம், கருவாடு கட்டுகிறவனை இப்போதுதான் பார்க்கிறோம் என்றார்கள். ஒரு பூனை பல நாள் கயிற்றுக்குக் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. மேலே போகத் துணியவில்லை.

எவ்வளவு பார்த்தேன் அந்தத் தையில். சனி ஞாயிறானால் தோப்பு. கயிற்றின் மேல் முதல் எறும்பு கால் வைத்ததைப் பார்த்தேன். காற்றில் கயிறு ஆட, ஆட்டம் நிற்கும்வரை அது காத்திருந்ததைப் பார்த்தேன். இலையின் இரண்டு ஓரங்களை ஒன்றாக்க, ஒன்றின் இடுப்பை ஒன்று பற்றிச் சங்கிலியாகித் தொங்கியதைப் பார்த்தேன். கம்பளிப்பூச்சி வந்தது, போனது. வண்டு வந்தது, போனது. வெட்டுக்கிளியை முப்பது நாற்பது பேர் தேர் இழுப்பதுபோல் மரத்தண்டில் மேலே இழுத்துப் போனார்கள். கொசுப்பூச்சிகளில் பிடிபட்டது கொஞ்சம்தான். மற்றவை இறங்க வந்து, இறங்காமலே சுற்றிவிட்டுக் கிழக்குப் பக்க மரங்களுக்குப் போய்விட்டன. எறும்பு நடந்த வாசனையே அவற்றுக்குப் போதும் போலிருந்தது. ஆடுகள் அந்த மரத்தடியில் படுப்பதை விட்டன. ஓணான் தலையை ஆட்டிவிட்டு வேறு மரம் பார்த்தது. இலைக்காம்பில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி உட்கார்ந்திருந்தது. அதை மட்டும் முசுறு தின்னவில்லை. மீசையால் தடவிக் கொடுத்து, அது விடுகிற இனிப்பை நக்கிக்கொண்டு, பசுமாடு மாதிரி காவல் காத்தது. மாமாவுக்கு அது கொஞ்சம் வருத்தம். நம்ம ஆளுங்களே திருட்டு மாடு வளக்கறாங்க என்றார்.

எங்கள் வீட்டு மாமரமோ வேறு மரமாகிவிட்டிருந்தது. அங்கே கறுப்பு எறும்பு குடியேறியது. இதுவரை வராத பட்டாம்பூச்சி எல்லாம் வந்தது. தாழ்ந்த கிளையில் கொண்டைக்குருவி கூடு கட்டியது. அம்மா பயமில்லாமல் துணி உலர்த்தினாள். ஆனால் பூங்கொத்தில் தத்துப்பூச்சி படபடவென்று தெறித்து, இலையெல்லாம் பிசுக்குப் பிடித்து, அந்த வருடம் ஊறுகாய்க்குக்கூட மாங்காய் இல்லை. ஒரு மரத்தில் ஒரு எறும்பை எடுத்தால் மரத்தின் மொத்தக் கதையும் மாறிவிடுகிறது என்று நான் அப்போது கோத்துப் பார்க்கவில்லை. குருவிக் குஞ்சு சந்தோஷம். மாங்காய் இல்லாதது துக்கம். இரண்டும் வேறு வேறு செய்திகள்.

தோப்பில் பூ வந்தது. மேற்கு மரங்களில் கொத்துக் கொத்தாக, இளஞ்சிவப்புக் கோடு போட்ட சின்னச் சின்னப் பூக்கள். கிழக்கில் வழக்கம்போல் கருகல். அந்தச் சமயத்தில்தான் பெரிய மாமா தரகரை அழைத்துக்கொண்டு வந்தார்.

தரகர் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். மரத்தின் அடிச்சுற்றை அளக்க நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு, நேராக மேற்குப் பக்கத்துப் பெரிய மரத்தைக் கட்டிப்பிடித்தார். நானும் மாமாவும் அடுத்த மரத்தடியில் நின்றிருந்தோம். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலில் ஒரு காலை உதறினார். பிறகு மற்றொரு காலை. அப்புறம் நாடா ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். வேட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் ரோட்டைப் பார்த்துப் போன வேகத்தில் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மரத்தில் சாய்ந்து சிரித்தேன்.

பெரிய மாமா சிரிக்கவில்லை. தரகர் பின்னால் போகவும் இல்லை. மரத்தை நிமிர்ந்து பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். இலைப் பந்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

"யார்ரா இதக் கொண்டாந்தது?"

சின்ன மாமா வாய் திறப்பதற்குள் அவர் என்னிடம் வந்துவிட்டார். ஐந்தாம் வகுப்புப் பெண்ணை, கை கால் உதைக்க உதைக்க, அப்படியே அள்ளித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குக் கொண்டுபோய் இறக்கினார். கழுத்தைத் தட்டினார், காதைப் பார்த்தார், தலைமயிரைப் பிரித்துப் பிரித்துத் தேடினார். அகப்பட்ட ஒவ்வொரு முசுறையும் விரலால் நசுக்கினார். எங்கள் சிப்பாய்களை. நான் அவர் கையைக் கடித்தேன். இந்தத் தோப்புக்குள் இவள் கால் வைக்கக் கூடாது என்று மட்டும் சின்ன மாமாவிடம் சொன்னார். பிறகு கொஞ்சம் நின்று, மாசி முடியட்டும், காய் பிடிக்கலன்னா எறும்போட சேத்து வெட்டறேன் என்றார்.

அந்த மாசி முழுக்க எனக்கு அவர்தான் பகை. வேலி ஓரத்தில் நின்று பார்ப்பேன். சின்ன மாமா கிளையை வளைத்து தூரத்திலிருந்தே காட்டுவார். பூ போய்ப் பிஞ்சு, பச்சைப் பாசிமணி அளவு. பிஞ்சு கருகவில்லை. அடுத்த வாரமும் கருகவில்லை. புளியங்கொட்டை அளவு, மூக்கு வளைந்த கொட்டையாய். கொட்டைக்கு மேலே பழம் ஊதத் தொடங்கியது. ஒரு ஞாயிறு வந்து பார்த்தால் மேற்கு மரங்கள் எல்லாம் மஞ்சள். மஞ்சளுக்குள் சிவப்பு. தூரத்துப் பஸ்ஸிலிருந்தே தெரிந்தது எனக்கு. வேலியருகே ஓடும்போது என் செருப்பு அறுந்ததை நான் கவனிக்கவில்லை.

ஆள் வைத்துப் பொறுக்கலாம் என்றால் யாரும் வரமாட்டேன் என்றார்கள். எறும்புத் தோப்பு என்று பெயர் வந்துவிட்டிருந்தது. திருட வருகிறவர்களும் வரவில்லை என்பது வேறு விஷயம். நாங்களே இறங்கினோம். அப்பா லீவு போட்டார். அம்மா அப்பாவின் பழைய யூனிஃபார்ம் சட்டையைப் புடவை மேல் போட்டுக்கொண்டாள். எல்லோரும் சாம்பல் பூசிக்கொண்டோம். பெரிய மாமா இன்னும் வரவில்லை என்ற தைரியத்தில் நானும் உள்ளே போய்விட்டேன். பழத்தைத் திருகிக் கொட்டையைக் கூடையில் போட்டு, சாறு முழங்கைவரை வழிய, கடி வாங்கிக்கொண்டே, கத்திக்கொண்டே, சிரித்துக்கொண்டே. சின்ன மாமா ஒரு கொத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், கோயில் குடம் மாதிரி. இனி அவர் எங்கும் போகமாட்டார்.

பெரிய மாமா வந்து வேலி ஓரத்திலேயே நின்றார். அவர் கூடைகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் உள்ளே வந்து, கயிற்றை ஒதுக்கிக்கொண்டு, பெரிய மரத்தடிக்குப் போய்க் குறுக்கே நீண்டிருந்த தாழ்ந்த கிளையில் கை வைத்தார். முசுறு அவர் கைமேல் ஏறியது. உதறவில்லை.

"இந்தத் தோப்புல இதுங்க இருந்துச்சிங்க தம்பி. நீ திருப்பூர்ல இருந்த அப்ப. நான்தான் கொளுத்துனேன்."

சின்ன மாமா கையிலிருந்த கொத்தைக் கீழே இறக்கினார்.

"இந்தக் கெளையிலதான் புள்ள தூங்கறதுக்குச் சேலையில ஏணை கட்டியிருந்துச்சி. பொறுக்கறதுக்கு ஆள் இல்லன்னு எல்லாரும் அந்தாண்ட போயிட்டோம். புள்ள கத்துன சத்தம் காத்துல கேக்கல. வந்து பாத்தா மூஞ்சி தெரியல, செவப்பா மூடிகினு கெடக்குது. ஆஸ்பத்திரியில புள்ள கண்ணு தொறக்கற வரைக்கும் நான் வூட்டுக்குப் போவல. அன்னிக்கே பந்தம் கட்டி, ஒரு மரம் வுடாம, ஒரு கூடு வுடாம..."

"அத ஏன்ணே இப்ப," என்றாள் அம்மா. கையிலிருந்த கூடையை வைத்துவிட்டு என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் விரல்கள் என் இமைமேல் வந்து நின்றன.

நான் அந்த விரல்களைத் தள்ளிவிட்டேன். ஒரு கூடு விடாமல் என்றால்? உச்சிக் கூடும் சேர்த்தா?

"ராணியையுமா மாமா?" என்று கேட்டேன்.

பெரிய மாமா என்னைப் பார்த்தார். ஆமாம்மா, ராணியையும்தான் என்றார். சொல்லிவிட்டுக் குனிந்து, என் சட்டைக் காலரில் நடந்துகொண்டிருந்த ஒரு முசுறை, இந்தத் தடவை நசுக்காமல், விரலில் ஏற்றிக் கிளைமேல் விட்டார்.

எனக்கு அவரை மன்னிக்க முடியவில்லை. இத்தனை ராணிகளை ஒரே நாளில் கொளுத்தியவர். அம்மாவின் பிடியிலிருந்து திமிறி, அடுத்த மரத்துக்கு ஓடினேன். ஏணையில் கிடந்த பிள்ளை எது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.